யாழ்ப்பாணத்தில் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்குனிக் கடைசியில் எங்கள் கந்தோர் ஏ.சி. நின்றுபோனது. மூன்று பேருக்குப் போன் எடுத்தேன். ஒருவர் எடுக்கவே இல்லை. இன்னொருவர், "அண்ணை, புத்தூரில நிக்கிறன், வாற கிழமை பாப்பம்" என்றார். மூன்றாமவர் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தார். ஏணியில் ஏறி, வெளியே மாட்டியிருந்த பெட்டியின் மூடியைக் கழற்றியவர், கீழே ஏணி பிடிக்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். இறங்கும்போது சொன்னார்: "பெடியன் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ அண்ணை. நானே பழக்கி எடுக்கிறன். ஒருத்தரும் வருகினமில்லை."

அந்தக் கிழமைதான் அக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். ஏ.எல். உயர்தரப் பரீட்சை இரண்டாம் தடவையும் எழுதி முடிந்துவிட்டது, இஸட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதாது. "மாமா, இப்ப எதுக்கு டிமாண்ட்? ஐ.டி.யா, அக்கவுண்ட்ஸா, இல்லாட்டி வெளியில போறதா?" என்று கேட்டான். அவன் போனில் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தான். தரவு விஞ்ஞானி, செயற்கை நுண்ணறிவுப் பொறியியலாளர், சைபர் பாதுகாப்பு நிபுணர் என்று பத்துத் தொழில். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அது எந்த ஊருக்கான பட்டியல்? சுன்னாகத்தில் பஸ் ஏறும் பெடியனுக்கு நாளைக் காலை எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதில் இல்லை. அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி

இரண்டு கிழமைக்கு எந்தக் கோர்ஸிலும் சேர வேண்டாம். ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள்.

கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, திருநெல்வேலியிலிருந்து கோண்டாவில் வரைக்கும் பலாலி வீதி. இந்த மூன்றையும் சைக்கிளில் மெதுவாகப் போய், "வேலைக்கு ஆள் தேவை" என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உதயன், வலம்புரி வாங்கி வேலைவாய்ப்பு விளம்பரங்களைச் சேருங்கள். இரண்டாவது கிழமையும் அதே பாதையில் போங்கள். எந்தப் போர்ட் கழன்றிருக்கிறது, எது அப்படியே தொங்குகிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. வருடம் முழுக்கத் தொங்கும் போர்ட்டைப் பார்த்து அந்த வேலைக்குக் கிராக்கி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கடையில் ஆள் நிற்பதில்லை, அவ்வளவுதான். மருமகனின் கொப்பியில் பாதிக்கு மேல் விற்பனைக்கு ஆள் தேவை என்ற போர்ட்டுகள். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு மணி வரை நிற்கிற வேலை, சம்பளம் சட்டம் சொல்லும் அடிமட்டத்தோடு நின்றுவிடும். எடுத்தவர் மூன்று மாதத்தில் விலகுவார், போர்ட் மறுபடி ஏறும்.

மெய்யான தேவை பெரும்பாலும் போர்ட்டில் வருவதில்லை, காத்திருப்பில்தான் தெரியும். ஆகவே உங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்தீர்கள்? மருமகன் கேட்டு வந்த பதில்கள்: அம்மாவோடு இரவில் நிற்க ஒருவர், ஏ.சி. பார்ப்பவர், குளியலறைத் தண்ணீர்க் கசிவு பிடிக்கிற பிளம்பர், சிசிரிவி பூட்டுபவர், ஹைபிரிட் காரின் பற்றரி பார்க்கத் தெரிந்தவர். ஒரு மேசன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் நாலு மாதமாகிறது என்று ஒரு வீட்டில் அரை மணித்தியாலம் பேசியிருக்கிறார்கள். அதையும் எழுதி வந்திருந்தான்.

தேவை எங்கிருந்து வருகிறது

கொப்பி நிறைந்ததும், ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் "ஏன்" என்று எழுதுங்கள். காரணம் நிலைக்கக் கூடியதென்றால் வேலையும் நிலைக்கும்.

முதியோர் பராமரிப்பை எடுப்போம். எங்கள் ஒழுங்கையில் பதினாலு வீடு. ஆறு வீட்டில் எழுபது தாண்டிய ஒருவரோ இருவரோ மட்டும்தான். பிள்ளைகள் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன். பக்கத்து வீட்டு மாமி போன ஐப்பசி மழைக்குள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. மகள் கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு மாதம் ஆள் தேடினார். முதலில் வந்த பெண் மூன்றாம் நாள் போய்விட்டார். இரண்டாவது ஆள் நல்ல மனிசி, ஆனால் எழுப்பும்போது மாமியின் கையைப் பிடித்து இழுப்பார். மாமி அலறுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

மூன்றாவதாக வந்தவர் பயிற்சி எடுத்தவர். அன்று நான் அங்கே இருந்தேன். முதலில் கட்டிலின் உயரத்தைப் பார்த்தார். மாமியைப் பக்கவாட்டில் திருப்பி, கால்கள் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே இறக்கினார். தோளுக்குக் கீழே கை கொடுத்து இருத்தினார். உடனே எழுப்பவில்லை, தலை சுற்றுகிறதா என்று கேட்டு ஒரு நிமிடம் விட்டார். பிறகு, "மாமி, ஒண்டு ரெண்டு மூண்டு எண்ணுவம், மூண்டில எழும்புவம்" என்றார். மாமி எழும்பி நின்றார், சத்தமே இல்லை. கோர்ஸ் என்று சொல்வது இந்த ஒரு நிமிடத்தைத்தான். முந்தைய இருவருக்கும் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு இவருக்குக் கொடுக்கிறார்கள். இவர் எப்போது விலகுவார் என்று இன்னும் இரண்டு குடும்பம் காத்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: பராமரிப்பாளர் வேறு, தாதி வேறு. ஊசி போடுவது, காயத்துக்கு மருந்து கட்டுவது பராமரிப்பாளரின் வேலை அல்ல, வீட்டுக்காரர் கேட்டாலும் செய்யக் கூடாது. தாதியாக வர விரும்பினால் அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். யாழ். பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றுக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு இஸட் புள்ளி வேண்டும். மருந்தாளருக்கான தேவையைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது: பதிவு பெற்ற மருந்தாளர் இல்லாமல் மருந்தகத்துக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஏ.எல்.லில் விஞ்ஞானம் படித்து வைத்தியராக முடியவில்லையே என்று அழுகிற பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதது எனக்கு விளங்குவதில்லை.

கை வேலைகளுக்கு வருவோம். ஏ.சி. இன்று பணக்கார வீட்டுச் சாமான் இல்லை. பாமசி, ரியூட்டரி, நகைக்கடை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகக் கட்டிய வீட்டின் மேல்மாடி எல்லாவற்றிலும் இருக்கிறது. பழைய பெட்டிகளில் ஆர்-22 வாயு, புதிதாக வருகிறவற்றில் பெரும்பாலும் ஆர்-32. பின்னது தீப்பற்றக் கூடியது. பார்த்துப் பழகியவர் பழைய கைப்பழக்கத்தில் அதைத் தொட்டால் ஆபத்து. இன்வேட்டர் ஏ.சி.யின் எலெக்ட்ரோனிக் பலகையைச் சோதிக்க மல்ரிமீற்றர் பிடிக்கத் தெரிந்தால் போதாது, சுற்று வரைபடம் வாசிக்கத் தெரிய வேண்டும். முறையாகப் படித்த ஒருவர் இங்கே மேலே வருவதற்கு இதுவே காரணம்.

வாகனமும் அப்படித்தான். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 மாசியில். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களைத்தான் எல்லோரும் ஓட்டினார்கள். ஹைபிரிட் பற்றரி, சென்சர், வயரிங் பார்க்கிற ஓட்டோ எலெக்ட்ரிஷன் ஒருவருக்கு மானிப்பாய்ப் பக்கம் காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கிறது. எஞ்சின் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கானரை மாட்டி, அது காட்டும் பிழை இலக்கத்தை நம்பிச் சாமானை மாற்றாமல், ஏன் அந்தப் பிழை வந்தது என்று தேடுகிறவர்கள் குறைவு.

சோலர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் வெயிலுக்குக் குறைவில்லை, கூரைகளும் நிறைகின்றன. ஆனால் அரசு ஓர் அலகுக்குக் கொடுக்கும் விலை மாறும்போதெல்லாம் இந்த வேலை ஏறும், இறங்கும். சோலரை மட்டும் படிக்காமல் வீட்டு வயரிங்கை முழுதாகப் படித்து, அதன் மேல் சோலரை வைத்துக்கொண்டால் எந்தக் காற்றிலும் தப்பலாம்.

கணக்கு வேலை என் சொந்தத் தொழில். ஆகவே கொஞ்சம் உரிமையோடு பேசலாம். 2024 தையிலிருந்து வற் என்கிற பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. அதே நேரத்தில் வருட விற்பனை 8 கோடி ரூபா தாண்டினால் பதிவு என்றிருந்த எல்லை 6 கோடியாக இறங்கியது. அதாவது மாதம் 50 லட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்கிற ஒரு ஹாட்வெயார் கடையும் அகப்பட்டுவிட்டது. இதுவரை ஒரு நீளக் கொப்பியில் கணக்கு எழுதிய முதலாளிமார் இப்போது ஆள் தேடுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரிய பட்டம் இல்லை. பில்லை ஒழுங்காக அடுக்கி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, திகதி தவறாமல் படிவம் நிரப்புகிற ஒருவர் வேண்டும். ஏ.ஏ.ரி. என்கிற கணக்கியல் படிப்பைப் படித்துக்கொண்டே ஒரு ஓடிட் நிறுவனத்தில் பயிலுனராகச் சேருங்கள். முதல் வருடம் தருகிற காசு பஸ்ஸுக்கும் பின்னேர ரோல்ஸுக்கும் சரியாகிவிடும், உண்மை. ஆனால் முப்பது கடையின் உள்ளே புகுந்து பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

ஐ.டி.யை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலேயே இருந்துகொண்டு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற முயற்சிகளைச் சுற்றி ஒரு கூட்டமே வளர்ந்திருக்கிறது. ஆனால் தொடக்க நிலை வேலைகளுக்கு நெரிசல் அதிகம், சின்னச் சின்னக் கோடிங் வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே செய்து கொடுத்துவிடுகின்றன. சான்றிதழை மட்டும் காட்டினால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். யாராவது உண்மையில் பயன்படுத்துகிற ஒன்றைச் செய்து காட்டுங்கள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் நூல்களைப் பதிவுசெய்ய ஒரு சின்ன மென்பொருள், மாமாவின் கடைக்கு ஒரு கையிருப்புக் கணக்கு. அதில் பிழை வந்து, கடைக்காரர் ஏசி, நீங்கள் திருத்திய கதை நேர்முகத்தில் எந்த டிப்ளோமாவையும்விட நன்றாகப் பேசும்.

சுற்றுலாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலாலியில் 2019 ஐப்பசியில் விமான நிலையம் திறந்தது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் கப்பல் தொடங்கியது. ஹோட்டல்களில் சமையல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் விமானமோ கப்பலோ ஒரு பருவம் நின்றால் அங்கேயும் தெரியும். சமையல் என்றால் சேருங்கள், அந்தக் கை எங்கும் போகும்.

அக்காவின் வழக்கு

இந்த இடத்தில் அக்கா குறுக்கிட்டார். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று எங்கள் அப்பு சொன்னதை அவரும் சொன்னார். பென்ஷன், லீவு, கலியாணச் சந்தையில் மதிப்பு. நான் மறுக்கவில்லை. அரச வேலை வந்தால் போடுங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், கிழமைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வருடக்கணக்காக அதற்கென்று வீட்டில் இருப்பதுதான் பிழை. பட்டம் முடித்த பிள்ளைகள் நியமனம் கேட்டு மாவட்டச் செயலகமான கச்சேரி வாசலில் பந்தல் போட்டு இருந்ததை எல்லோரும் பார்த்தோம். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஒரு தொழிலைப் படியுங்கள். நியமனம் வந்தால் தொழில் பாரமாகாது.

எந்தச் சான்றிதழ், எங்கே

இலங்கையில் தொழில் தகைமையை அளக்கிற அளவுகோல் என்.வி.கியூ. மொத்தம் ஏழு நிலை. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். நாலாம் நிலை என்றால் தனியாக நின்று வேலை செய்யத் தெரிந்தவர் என்று பொருள். புதிதாகத் தொடங்குபவர் குறிவைக்க வேண்டியது அந்த நாலு. அதற்கு மேலே படிக்க ஆசை வந்தால் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்திருக்கிறது. ஏ.எல். சறுக்கினால் பட்டக் கதவு பூட்டிவிட்டது என்பது சரியில்லை.

படிக்க இடங்கள் கிட்டவே இருக்கின்றன. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, நாங்கள் ரெக் என்று சொல்வது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள். நைற்றா என்கிற பயிலுனர் அதிகார சபை, இவர்கள் உங்களை ஒரு வேலைத்தளத்தில் பயிலுனராகவே சேர்த்துவிடுவார்கள். குருநகரில் உயர் தொழில்நுட்ப நிறுவனம், அங்கே எச்.என்.டி. என்கிற உயர் தேசிய டிப்ளோமாவில் கணக்கியல், தகவல் தொழில்நுட்பம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், வாகனம், மின், உலோக வேலைக்கு நல்ல பட்டறை உள்ள இடம். இவை எல்லாம் அரசாங்கத்தின் இடங்கள். தனியாரிடம் லட்சம் கொடுக்கும் முன் இந்த வாசல்களை ஒரு தடவையாவது மிதியுங்கள். தனியார் பட்டப்படிப்புத்தான் வேண்டுமென்றால், ஏ.எல். சித்தியடைந்தவர்களுக்கு அங்கீகரித்த கற்கைநெறிகளுக்கு அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது, அதை விசாரியுங்கள்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள், உதாரணமாக ஐந்து வருடம் சித்தப்பாவோடு வயரிங்குக்குப் போனவர்கள், மறுபடி வகுப்பில் குந்தத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கிற ஒரு முறை உண்டு. ஆர்.பி.எல். என்று கேளுங்கள். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ். செய்த வேலைகளைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், அன்றைக்கு உதவும்.

காசு கட்டும் முன் செய்ய வேண்டிய ஒன்று

நான் சூடுபட்ட கதையைச் சொல்கிறேன். 2008இல் ஏ.எல். முடிந்த கையோடு நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணினிக் கணக்கியல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடைவு போனது. ஒரு வருடம் படித்தேன், பொன் எழுத்தில் சான்றிதழ் தந்தார்கள், மேடையில் உடுப்புப் போட்டுப் படமும் எடுத்தார்கள். பிறகு கொழும்பில் ஒரு வேலைக்குப் போனபோது அங்கிருந்தவர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க பதிவு?" என்று கேட்டார். எங்கேயும் பதிவு இல்லை. காப்பு திரும்பி வர மூன்று வருடம் பிடித்தது. அந்தப் படம் அம்மா வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது, கழற்ற விடமாட்டார்.

ஆகவே: மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறுவனம் பதிவு பெற்றிருப்பது ஒன்று, நீங்கள் சேரப்போகிற கோர்ஸ் தரங்கணிக்கப்பட்டிருப்பது, அதாவது தரம் பார்த்து அங்கீகரிக்கப்பட்டிருப்பது, இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பார்கள். "இந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ. எத்தனையாம் நிலைச் சான்றிதழ், யார் கையெழுத்தில் வரும்?" என்று நேரே கேளுங்கள். பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றினால் எழும்பி வாருங்கள்.

மொழி

இதை ஒருவரும் தொழில் என்று எண்ணுவதில்லை, ஆனால் சம்பளத்தில் உடனே தெரிவது இதுதான். என் கந்தோரில் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே கணக்கறிவு. ஒருவர் கொழும்பிலிருந்து போன் வந்தால் சிங்களத்தில் எடுத்துப் பேசி வேலையை முடிப்பார். மற்றவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போவார். யாருக்குச் சம்பளம் கூட என்று சொல்லத் தேவையில்லை. மருந்துக் கொம்பனி, வங்கி, காப்புறுதி, வாகன உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் தலைமைக் காரியாலயம் கொழும்பில். ஆங்கிலத்துக்கு ரியூசன் போகிற பிள்ளைகள் சிங்களத்தை விட்டுவிடுகிறார்கள். எழுத வேண்டாம், போனில் பத்து நிமிடம் கதைக்கத் தெரிந்தால் முதலுக்குப் போதும்.

வேலை கேட்டுப் போவது

ஐந்து பக்கத்தில் சுயவிபரக்கோவை வேண்டாம். என் மேசைக்கு வருபவற்றில் முதல் பக்கம் முழுக்கப் பாடசாலைப் பரிசுகள். எனக்கு வேண்டியது: என்ன செய்யத் தெரியும், எங்கே செய்தீர்கள், எப்போது வரலாம். ஒரு பக்கம். கை வேலை என்றால் அதுவும் வேண்டாம், காலை ஏழரைக்குப் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். பத்து மணிக்குப் போனால் ஆள் வேலைக்குப் போயிருப்பார்.

சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், முதலாளி தெரிந்தவராக இருந்தால் இன்னும் கூச்சம். கேளுங்கள். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டுவார்கள், முதலாளி தன் பங்காக 12 போட வேண்டும், ஈ.ரி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் மட்டும் 3. உங்கள் 8ஐ வெட்டிவிட்டு எங்கும் கட்டாத இடங்களும் இருக்கின்றன. அங்கத்துவ இலக்கத்தை வாங்கி, தொழில் திணைக்களத்தில் ஒருக்கால் சரிபாருங்கள். சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 சித்திரையிலிருந்து 27,000 ரூபா, 2026 தையிலிருந்து 30,000. பயிற்சிக் காலம் என்று சொல்லி இதற்குக் கீழே வருடக்கணக்கில் வைத்திருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

வெளியில் போவது

மருமகனின் மூன்றாவது கேள்வி. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை, மணியோடரில் வளர்ந்த ஊர் இது. ஆனால் தொழிலோடு போகிறவருக்கும் தொழில் இல்லாமல் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் கட்டுநாயக்காவிலேயே தெரிந்துவிடும்.

ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. ஜப்பான் 2019 சித்திரையில் குறித்த திறன் தொழிலாளர் விசாவைத் தொடங்கியது. அதற்கு அடிப்படை ஜப்பானிய மொழிப் பரீட்சையும் துறைக்குரிய திறன் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். பராமரிப்பு வேலைக்கு அதற்கென்று இன்னொரு மொழிப் பரீட்சை. கொரியாவுக்கு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாகக் கொரிய மொழிப் பரீட்சை. ஜேர்மனிக்குத் தாதியாகப் போக ஜேர்மன் மொழியில் நல்ல தேர்ச்சி இல்லாமல் கதையே இல்லை. எல்லாவற்றிலும் மொழி முன்னுக்கு நிற்பதைக் கவனியுங்கள். "மொழி தேவையில்லை, மூன்று மாதத்தில் அனுப்புறம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே விளங்கிக்கொள்ளுங்கள்.

முகவரிடம் போனால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டும் போதாது. அவர் சொல்கிற அந்த நாட்டு வேலைக்குப் பணியகத்தின் ஒப்புதல் தனியாக இருக்க வேண்டும். 1989க்கு அழைத்துக் கேட்டால் சொல்வார்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். காணி ஈடு வைக்கச் சொன்னால் இன்னும் கவனம்.

மருமகன் என்ன முடிவெடுத்தான் என்று கேட்பீர்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு கொப்பியோடு வந்தான். ரெக்கில் குளிரூட்டல் கோர்ஸுக்கு விண்ணப்பப் படிவம் எடுத்திருந்தான், தொடங்க இன்னும் நாளிருக்கிறது. அதுவரை என்ன செய்வது என்று கேட்டான். ஒன்பதாம் நாள் வந்த அந்த மெக்கானிக்குக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வரச் சொன்னார், இப்போதைக்கு ஏணி பிடிக்கத்தான். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வரட்டாம்.